கடிகாரம் இல்லாத பாட்டு

"பாட்டு நல்லா இருக்குன்னு பத்திரிகையில எழுதினதுக்காக ஒருத்தரை வீட்டை விட்டுத் துரத்தினாங்கன்னு இப்பத்தான் கேள்விப்படறேன்" என்றார் மாப்பிள்ளை.

அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தாள். மகளைக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து அவரை அவள் 'நீ' என்று சொன்னதில்லை. அதனால் திட்டுவதைக்கூட மரியாதையோடுதான் திட்ட வேண்டியிருந்தது.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு உட்காருங்க."

சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் அவர்களுடைய துப்பறியும் நிலையம். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்தே தலை நரைத்த அத்தை, முதலாளி. எந்த வேலையிலும் வாய் காரணமாக நிலைக்காத மாப்பிள்ளை, உதவியாளர்.

எதிரே உட்கார்ந்திருந்தவன் அவ்வளவு ஒல்லி. அவனை எல்லோரும் 'நூல்' என்றுதான் கூப்பிட்டார்கள். 'கண்ணாடிக் குதிரை' என்ற, கனவில் மிதப்பது போன்ற சைகடெலிக் ராக் இசைக்குழுவில் கிடார் வாசிப்பவன். குழுவில் மூன்றே பேர். அவனுடைய அக்கா பாடகி. அக்காவின் கணவர் டிரம்ஸ். மொத்தத்தில் அது ஒரு குடும்பம், நேற்றுவரை.

"மறுபடியும் படிங்க தம்பி" என்றாள் அத்தை.

நூல் கையிலிருந்த இசைப் பத்திரிகையைப் பிரித்தான். எழுதியவர் பெயர் கிடையாது. 'கத்திரி' என்ற புனைபெயர் மட்டும். அவர் ஒரு ஆல்பத்தை வெட்டினால் அதைத் தைக்க ஆள் கிடையாது என்று இசை உலகத்தில் சொல்வார்கள்.

"'கடலுக்கு மேலே ஒரு மாடி' என்ற இந்த ஆல்பத்தைக் கேட்டு முடித்தபோது எனக்கு மாடியும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. ஈரம் மட்டும் தெரிந்தது. பாடகியின் குரல் பிழியாத துணி. டிரம்ஸ், மாடிப்படியில் உருளும் பாத்திரம்."

"எங்க வீட்டு சமையலறையில பதிவு பண்ணியிருப்பாங்களோ?" என்றார் மாப்பிள்ளை.

"மாப்பிள்ளை!"

நூல் தொடர்ந்தான். "ஆனால் இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதும் ஓடும் 'தூங்கும் படிக்கட்டு' என்ற ஒரே பாட்டு ஓர் அற்புதம். நடுவே எல்லா வாத்தியமும் ஓய்ந்துபோகிறது. அந்த வெறுமையில் ஒரு கடிகாரம் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறது. மனித வாழ்வின் கதவைக் காலம் தட்டும் ஓசை அது. அந்தக் கடிகாரத்தை யோசித்த மூளைக்கு என் வணக்கம்."

"அந்த மூளை உங்களோடதா?"

"பாட்டு என்னோடது மேடம். கடிகாரம் என்னோடது இல்லை."

"பின்னே?"

"யாரோடதும் இல்லை. அந்தப் பாட்டுல கடிகாரமே கிடையாது."

அத்தை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "இதை நீங்க ஏன் முதல்லயே சொல்லலை?"

"இது ஒரு விஷயமா மேடம்? எங்க மாதிரி பாட்டுகளுக்கு விமர்சனம் எழுதறவங்க எப்பவுமே இல்லாததைக் கேப்பாங்க. போன ஆல்பத்துல திமிங்கலம் அழுதுச்சுன்னு ஒருத்தர் எழுதினார். அது எங்க மாமாவோட நாற்காலி கிறீச்சிட்டது."

பிரச்சினை இதுதான். ஆல்பம் இன்னும் வெளியாகவே இல்லை. யாரோ அதைத் திருட்டுத்தனமாகக் கத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் முந்திக்கொண்டு வெட்டிவிட்டார். ஊரே சிரிக்கிறது. காப்பி வைத்திருந்த மூன்று பேரில் யார் அனுப்பியது? பாராட்டு விழுந்தது ஒரே ஒரு பாட்டுக்கு. அந்தப் பாட்டு நூலுடையது. இதற்கு மேல் அக்காவுக்கு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

"சாயங்காலம் ரெக்கார்டு கம்பெனி மேனேஜர் கூப்பிடுவார். 'என் தம்பிதான் கொடுத்தான், அவனைக் குழுவை விட்டு நீக்கிட்டேன்'னு அக்கா அவர்கிட்ட சொல்லப்போறா. அதை அப்படியே அறிக்கையா விட்டுடுவாங்க. அப்புறம் எந்த ஸ்டுடியோவும் எனக்குக் கதவைத் திறக்காது." நூல் பத்திரிகையைச் சுருட்டினான். "அது கூடப் போகட்டும் மேடம். என்னைத் தூக்கி வளர்த்தவ. என் முகத்தைப் பார்த்தே 'திருடன்'னு சொன்னா."

மாப்பிள்ளை வாயைத் திறந்து, நல்ல பிள்ளையாக மூடிக்கொண்டார்.

"இல்லாததை எழுதறவர் திமிங்கலம்னு எழுதுவார், தேவதைன்னு எழுதுவார்" என்றாள் அத்தை. "இவர் 'அடித்துக்கொண்டே இருக்கிறது'ன்னு எழுதறார். இது கற்பனை இல்லை தம்பி. இந்த மனுஷன் எதையோ கேட்டிருக்கார். வண்டியை எடுங்க மாப்பிள்ளை. பாட்டு பிறந்த இடத்துக்குப் போவோம்."

ஸ்டுடியோ ஒரு பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. சுவரெல்லாம் மேடும் பள்ளமுமாய்க் கறுப்பு ஸ்பாஞ்ச். உள்ளே நுழைந்ததும் சொந்தக் குரலே பக்கத்து வீட்டுக் குரல் மாதிரி கேட்டது.

"இந்த மாதிரி ஒரு அறை எங்க வீட்டுல இருந்தா உங்க பொண்ணும் நானும் நிம்மதியா சண்டை போடலாம்" என்றார் மாப்பிள்ளை.

சவுண்ட் இன்ஜினியர் சுழல் நாற்காலியில் திரும்பினார். தாடி, தூக்கமில்லாத கண், கழுத்தில் ஹெட்போன். நூலைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சங்கடம் வந்து போனது.

"சார், பாட்டுப் பதியறப்போ இவங்க காதுல என்ன கேக்கும்?" அத்தை நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அவங்கவங்களுக்கு என்ன வேணுமோ அது. பாடறவங்களுக்குக் குரல் தூக்கலா வேணும். கிடாருக்குக் கிடார். மூணு பேருக்கும் மூணு விதமா அனுப்புவேன். ஆல்பத்துல வர்றது நாலாவது விதம்."

"நாலு பேர் இருக்கற வீட்டுல நாலு குழம்பு" என்றார் மாப்பிள்ளை.

"பதிவு முடிஞ்சதும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்களே, அது எந்த விதம்?"

"காதுல கேட்ட விதம்தான். பழகிப் பார்க்க அதுதானே வசதி? அவங்கவங்க பேர்ல காப்பி போட்டு அனுப்பிடுவேன்."

"அதுல எதுலயாவது கடிகாரம் உண்டா?"

இன்ஜினியர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். டிக், டிக், டிக், டிக் என்று ஸ்பீக்கரில் உலர்ந்த சத்தம் வந்தது.

"இதுவா?"

நூலின் முகம் வெளுத்தது. "கிளிக்!"

"தாளம் தவறாம இருக்கக் காதுக்குள்ள மட்டும் அனுப்பற சத்தம் மேடம்" என்றார் இன்ஜினியர். "வெளியில கேக்கவே கூடாது. ஆல்பத்துல இருக்காது."

மாப்பிள்ளை தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அப்போ மனித வாழ்வின் கதவைக் காலம் தட்டினது...?"

"நான் தட்டினது. இந்த விரல்."

"சார், உங்க விரலுக்கு ஒரு பெரிய மனுஷன் வணக்கம் சொல்லியிருக்கார். பத்திரமா வச்சுக்கோங்க."

அத்தை சிரிக்கவில்லை. "அந்தப் பாட்டுக்கு இந்தச் சத்தம் யார் காதுக்குப் போச்சு?"

"கிளிக்கா? பொதுவா டிரம்மருக்குத்தான் போகும்" என்ற இன்ஜினியர், சுத்தமாக இருந்த பொத்தான் பலகையை இன்னொரு தடவை துடைத்தார்.

நூல் சுவரில் சாய்ந்தான். ஸ்பாஞ்ச் அவன் தோளை அரைவாசி விழுங்கியது.

"மாமாவா?" என்றான். "எங்க மாமாவா?"

வண்டி அக்காவின் வீட்டுப் பக்கம் திரும்பியது. நூல் ஜன்னலுக்குச் சொல்வது போலச் சொன்னான்.

"முதல் கிடார் அவர்தான் வாங்கிக் கொடுத்தார். அக்காவுக்குத் தெரியாம. 'மச்சான், உன் கையில சரக்கு இருக்குடா'ன்னு சொன்ன முதல் ஆள் அவர்."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "அக்கா புருஷன்னா அப்படித்தான் இருப்பாங்க. என் மச்சானுக்கு நான் ஒரு பேனாகூட வாங்கிக் கொடுத்ததில்லை. அதனாலதான் எங்களுக்குள்ள துரோகமே இல்லை."

நூல் சிரிக்க முயன்றான். வரவில்லை.

அக்காவின் வீடு இரண்டு மாடி. கீழே கார் நிறுத்தும் இடத்தைத்தான் ஒத்திகை அறையாக்கி வைத்திருந்தார்கள். ஒரு மூலையில் நூலின் ஸ்பீக்கர் பெட்டி, யாரும் தொடாமல் அப்படியே இருந்தது. நடுவில் டிரம்ஸுக்குப் பின்னால் அக்காவின் கணவர். குழுவில் அவருக்கு 'இடி' என்று பேர். ஆள் கதவு அகலம். குரல் மட்டும் குழந்தையைத் தூங்கவைப்பவர் குரல்.

"வா மச்சான்" என்றார். பின்னால் நின்ற இருவரையும் பார்த்ததும் குச்சிகளைக் கீழே வைத்தார்.

அத்தை சுற்றி வளைக்கவில்லை. "கத்திரிக்குப் போனது ஸ்டுடியோ காப்பிதான். உள்ள கிளிக் சத்தம் இருக்கு. கிளிக் டிரம்மர் காதுக்குத்தான் போகும்னு சொல்றாங்க."

இடி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"ஆமாம். என் காப்பிதான். நான்தான் அனுப்பினேன்."

"மாமா!"

"மன்னிச்சுக்கோ மச்சான்."

"நேத்து அக்கா என்னை வாசல்ல நிக்கவச்சுக் கேட்டப்போ நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னீங்களே! எனக்காக வருத்தப்படறீங்கன்னு நினைச்சேன் மாமா." நூலின் குரல் உடைந்தது. "நான் போறப்போ என் கையில பஸ் காசு திணிச்சீங்களே, அது எதுக்கு?"

இடியின் அவ்வளவு பெரிய உடம்பு நாற்காலிக்குள் சுருங்கியது.

"எதுக்காக அனுப்பினீங்க?" என்றாள் அத்தை.

"சும்மா. ஒரு ஆர்வம்."

"பாத்திரம் உருளுதுன்னு பேர் வாங்கவா?"

"அது... அவர் அப்படி எழுதுவார்னு தெரியாது."

அத்தை அறையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பிறகு திரும்பினாள். "மாப்பிள்ளை, இன்ஜினியர் தட்டினாரே, அந்தச் சத்தம் போன்ல வருமா?"

"வரும் அத்தை. காலையில நடக்கறப்போ வேகம் பார்க்கறதுக்குன்னு உங்க பொண்ணு ஏத்திக் கொடுத்தா. சத்தம் புதுசாவே இருக்கு, ஒரு நாள்கூட நடக்கலை."

"போடுங்க. சார், இதோட கொஞ்சம் வாசிங்க."

"இப்பவா?"

"ஒரு பக்கம் முழுக்க இதைக் கேட்டுக்கிட்டே வாசிச்சவர் நீங்க. ரெண்டு நிமிஷம் வாசிக்க மாட்டீங்களா?"

இடி தயங்கிக் குச்சியை எடுத்தார். டிக் டிக் என்று போன் ஆரம்பித்தது. டும் டும் என்று அவர் சேர்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் இரண்டும் கைகோத்து நடந்தன. பிறகு டும் கொஞ்சம் முந்தியது. திடுக்கிட்டுப் பின்வாங்கியது. மறுபடி முந்தியது. அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். டிக் ஒரு பக்கம், டும் ஒரு பக்கம். விவாகரத்துக்கு நிற்கும் தம்பதி மாதிரி அறைக்குள் இரண்டும் முட்டிக்கொண்டன.

நூல் நிமிர்ந்தான். அவன் முகத்தில் இருந்த கோபம் மெல்ல வேறு எதுவாகவோ மாறியது.

"மாமா கிளிக் வச்சுக்கவே மாட்டாரு" என்றான், தனக்குத்தானே. "எனக்கு எப்படி மறந்துபோச்சு? 'கடிகாரம் என்னைப் பார்த்து ஓடட்டும்'பாரே!"

"கோபம் வந்தா தெரிஞ்சதெல்லாம் மறக்கும் தம்பி" என்றாள் அத்தை. "இவர் கேக்காமலே ஒத்துக்கிட்டார். இன்சூரன்ஸ்ல முப்பது வருஷம் இருந்தேன். செஞ்சவன் ஒரு தடவையாவது 'இல்லை'ன்னு சொல்லிப் பார்ப்பான். அப்புறம் அந்த இன்ஜினியர். நான் அந்த ஒரு பாட்டைப் பத்திக் கேட்டேன். அவர் 'பொதுவா'ன்னு உலகத்துல இருக்கற டிரம்மரை எல்லாம் இழுத்தார். பொய் சொல்ல மனசு வரலை, உண்மை சொல்லவும் வரலை. யாருக்கோ வாக்குக் கொடுத்திருக்கார்." அவள் இடியின் பக்கம் குனிந்தாள். "எல்லா வாத்தியமும் ஓய்ஞ்சு நிக்கற இடத்துலதான் கத்திரி கடிகாரத்தைக் கேட்டார். அந்த இடத்துல நீங்க கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க. உங்களுக்கு எதுக்கு தாளம்? அந்த அமைதியில எண்ணிக்கிட்டு நிக்க வேண்டியவங்க யாரு? அது முடியற இடத்துல சரியா உள்ள நுழைய வேண்டியவங்க யாரு?"

போன் இன்னும் டிக் டிக் என்றது.

"அதை நிறுத்துங்க!"

மாடிப்படியில் அக்கா நின்றிருந்தாள். தலை வாராமல், ஒரு கையில் போன். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

மாப்பிள்ளை அவசரமாகச் சத்தத்தை நிறுத்தினார்.

"நீ மேல போ" என்றார் இடி. "நான் பேசிக்கறேன்."

"போதும். நீங்க பேசினதைக் கேட்டுட்டுதான் வந்தேன்." அவள் இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தாள். "அது என் காப்பி."

நூல் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்த இடம் எனக்கு வரவே இல்லைடா. எத்தனை தடவை எடுத்தாலும் ஒரு மூச்சு முன்னாடி பாடிடுவேன், இல்லேன்னா பின்னாடி. நீ ஒவ்வொரு தடவையும் 'பரவாயில்லைக்கா, இன்னொண்ணு'ன்னு சிரிச்சே. உன் பாட்டு எனக்குப் பிடிபடவே இல்லைன்னு தெரிஞ்சா உனக்கு மனசு உடைஞ்சுபோயிடும்னு, இன்ஜினியர்கிட்ட ரகசியமா சொல்லி அந்த இடத்துல என் காதுல மட்டும் அந்தச் சத்தத்தை வைக்கச் சொன்னேன்."

"அதுல தப்பு என்ன இருக்கு?" என்றான் நூல். குரல் மிருதுவாகத்தான் இருந்தது. "அதை எதுக்குக் கத்திரிக்கு அனுப்பினே?"

"அந்தப் பாட்டு ஆல்பத்தை முழுங்கிடும்னு பயந்தேன். ஒரு பக்கத்துல முக்கால்வாசி நான் சிலை மாதிரி நிக்கணும். வேண்டாம்னு உன்கிட்ட சொல்ல வாய் வரலை. கத்திரி கேட்டா அறுத்துப் போட்டுடுவார், கம்பெனியில ரகசியமா ஒரு வார்த்தை சொல்லுவார், அவங்களே எடுத்துடுவாங்க, நான் கெட்டவ ஆக வேண்டாம்னு நினைச்சேன். அவர் அச்சுல போடுவார்னு நினைக்கலை. அதுவும்... என்னை அறுத்துட்டு உன்னைத் தூக்கி வைப்பார்னு..." அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "எல்லாரும் உன்னைத்தான் சந்தேகப்பட்டாங்க. நான் சும்மா இருந்தேன். அப்புறம் சும்மா இருக்கறதே பொய்யாயிடுச்சு. அப்புறம் அந்தப் பொய்யை நானே சொன்னேன்."

"வாசல்ல வச்சு" என்றான் நூல்.

"வாசல்ல வச்சு."

"இவர் நேத்து ராத்திரி கண்டுபிடிச்சிருப்பார்" என்றாள் அத்தை, இடியைக் காட்டி.

இடி தலையசைத்தார். "ராத்திரிதான் விமர்சனத்தை முழுசாப் படிச்சேன் மேடம், நானும் மச்சானும் கிளிக் வச்சுக்கலை, கடிகாரம்னு வந்ததுமே தெரிஞ்சுபோச்சு. பக்கத்துல படுத்திருந்தா. கேக்க முடியலை."

நூல் அக்காவின் எதிரில் போய்க் குந்தி உட்கார்ந்தான். சின்ன வயதில் அவள் செருப்பு மாட்டிவிடும்போது அவன் உட்கார்ந்திருப்பானே, அந்த உயரத்தில்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுக்கா. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது போட்டுக் கேட்டியா?"

"என்ன?"

"என் பாட்டை. கேட்டிருந்தா உள்ள டிக் டிக் இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். அதோட அனுப்பியிருக்க மாட்டே."

அவள் வாயைத் திறந்தாள். ஏதாவது ஒரு பொய் வந்திருந்தால் அவன் அதையும் நம்பியிருப்பான். வரவில்லை.

"என்னை வெட்டறதுக்குன்னு உட்கார்ந்த மனுஷன் கடைசிவரைக்கும் கேட்டிருக்கார்" என்றான் நூல். "நீ கேக்கவே இல்லை."

அவள் கையிலிருந்த போன் அடித்தது. ரெக்கார்டு கம்பெனி மேனேஜர். எடுக்கும்போது விரல் தவறிப் பட்டதில் பேச்சு ஸ்பீக்கரில் ஒலித்தது.

"அறிக்கை தயாரா இருக்குங்க" என்றது குரல். "தம்பியை நீக்கிட்டதா போட்டுடலாமா?"

"போடாதீங்க" என்றாள் அவள். "அவன் அனுப்பலை. நான்தான் அனுப்பினேன். அவன் மேல பழி போட்டதும் நான்தான்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். பிறகு, "சரி... அப்போ தம்பி குழுவுல இருக்காரா, இல்லையா? அதையாவது சொல்லுங்க. எழுதணும்."

அக்கா தம்பியைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். நூல் எழுந்து மூலைக்குப் போனான். சுவரிலிருந்து தன் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினான்.

"படிக்கட்டு பாட்டை எடுத்துடச் சொல்லு. அது என்னோட வருது" என்றான். "'வேண்டாம்டா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எடுத்திருப்பேன்க்கா. ஒரு நிமிஷம்கூட யோசிச்சிருக்க மாட்டேன்."

"மச்சான்" என்று எழுந்தார் இடி.

"நீங்க உட்காருங்க மாமா. அவளுக்கு ஆள் வேணும்." வயரைச் சுற்றிக்கொண்டே போனைப் பார்த்துச் சொன்னான். "நீக்கினதா போட வேண்டாம். நானா போறேன்னு போடச் சொல்லு."

"ஹலோ? இருக்கீங்களா?" என்றது போன்.

அக்கா அதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மேடைகளை அதிரவைத்த குரல், பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அவனா போறான்" என்றாள்.

நூல் பெட்டியைத் தூக்கக் குனிந்தான். தனியாகத் தூக்க முடியாத கனம். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் வந்து மறுமுனையைப் பிடித்தார். அத்தை முன்னால் போய் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்தாள்.